கேலியா, குற்றமா?

காலை எட்டு மணி. பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நிற்கும் ஆள் வேண்டுமென்றே உரசுகிறான். அவள் திரும்பி முறைக்கிறாள். "கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும். கார்ல போக வேண்டியதுதானே" என்று அவன் சிரிக்கிறான்.

கட்டட வேலை நடக்கும் இடம். ஒரு பெண் சித்தாளாக வேலை செய்கிறாள். கூலி கொடுக்கும்போது மேஸ்திரி அவள் கையைப் பிடித்து அழுத்துகிறான். "நாளைக்கும் வேலை வேணுமா? சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வந்து பாரு" என்கிறான்.

பள்ளிக்கூடம் போகும் வழி. டீக்கடை பெஞ்சில் நாலு பேர். ஒரு மாணவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். ஒருவன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். ஒரு நாள் அந்தப் பெண் தாயிடம், "இனிமே நான் பள்ளிக்கூடம் போகலம்மா" என்கிறாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள்.

இந்த மூன்றும் நம் நாட்டில் எங்கும் நடப்பவை. டில்லியிலும் நடக்கும், பாட்னாவிலும் நடக்கும், நம் பக்கத்து ஊரிலும் நடக்கும். ஆனால் நடந்ததை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

செய்தவன் சொல்லும் பெயர்

செய்தவனைக் கேட்டால், "சும்மா கேலி பண்ணினேன்" என்பான். "விளையாட்டுக்குச் செய்தேன்" என்பான். பார்த்தவர்கள் "சீண்டினான்" என்பார்கள். பத்திரிகையில் "சில்மிஷம்" என்று போடுவார்கள். சில்மிஷம் என்றால் குறும்பு என்றும் பொருள். குழந்தை பூனையின் வாலைப் பிடித்து இழுத்தாலும் சில்மிஷம்தான்.

வட இந்தியாவில், ஹிந்தியில் இதை "சேட்கானி" என்பார்கள். அதற்கும் சீண்டுதல் என்றுதான் பொருள்.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் "ஈவ் டீசிங்" என்பார்கள். ஈவ் என்பது ஏவாள். உலகின் முதல் பெண் என்று பைபிள் சொல்லும் ஏவாள்தான் அவள். டீசிங் என்றால் கேலி செய்தல். ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும் இது இந்தியாவிலும் நம் அக்கம்பக்கத்து நாடுகளிலும்தான் அதிகம் புழங்குகிறது.

இந்தப் பெயர்களை எல்லாம் ஒருமுறை திரும்பப் படியுங்கள். கேலி, விளையாட்டு, குறும்பு, சீண்டல். எல்லாமே லேசான சொற்கள். நடந்தது பெரிதல்ல என்று இந்தச் சொற்கள் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

பாதிக்கப்பட்டவள் சொல்லும் பெயர்

பாதிக்கப்பட்ட பெண் என்ன சொல்கிறாள்? வீட்டுக்கு வந்து மெதுவாக, "ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டான்" என்கிறாள். அதற்கு மேல் சொல்லக் கூச்சம். கேட்பவர்களும் மேலே கேட்பதில்லை. "விடும்மா. வெளியே சொன்னா நமக்குத்தான் கேவலம்" என்கிறார்கள்.

தப்பாக நடந்துகொண்டான் என்றால் என்ன பொருள்? குடித்துவிட்டுச் சத்தம் போட்டாலும் தப்பான நடத்தைதான். பெரியவர்களை எடுத்தெறிந்து பேசினாலும் தப்பான நடத்தைதான். கையைப் பிடித்து இழுத்தாலும் தப்பான நடத்தைதான். இந்த ஒரு சொல்லுக்குள் எல்லாமே அடங்கிவிடும். அதனால் உண்மையில் நடந்தது என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

செய்தவன் சொல்லும் சொல் குற்றத்தை லேசாக்குகிறது. பாதிக்கப்பட்டவள் சொல்லும் சொல் குற்றத்தை மறைக்கிறது. இரண்டினாலும் லாபம் அவனுக்குத்தான்.

"இது அற்ப விஷயம்"

படிக்காத ஏழைப் பெண்களுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். சண்டிகரில் 1988ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். ரூபன் தியோல் பஜாஜ் என்பவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் அவருடைய பின்புறத்தில் தட்டினார். அந்த அம்மாள் போலீசில் புகார் கொடுத்தார்.

1989இல் உயர் நீதிமன்றம் அந்தப் புகாரையே தள்ளுபடி செய்தது. இது அற்பமான விஷயம், இதற்கெல்லாம் வழக்கு வேண்டாம் என்பது அதன் எண்ணம்.

அந்த அம்மாள் விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1995இல் உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணின் மானத்துக்குச் செய்யும் தீங்கை அற்பம் என்று தள்ள முடியாது என்று சொல்லி, வழக்கை நடத்த உத்தரவிட்டது. 1996இல் கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெரிய பதவியில் இருந்த பெண்ணுக்கே 17 ஆண்டு ஆயிற்று. அந்த 17 ஆண்டும் நடந்த போராட்டம் ஒரு சொல்லைப் பற்றியதுதான். நடந்தது அற்பமா, குற்றமா?

சட்டத்தின் பெயரே மாறியது

1998 ஜூலை மாதம் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தெருவில் நடந்துபோனார். ஆட்டோவில் வந்த இளைஞர்கள் அவரிடம் வம்பு செய்தார்கள். அவர் கீழே விழுந்தார். தலையில் அடிபட்டு இறந்துபோனார்.

கேலி ஒரு உயிரைக் குடித்தது. ஊரே கொதித்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கும் "ஈவ் டீசிங் தடைச் சட்டம்" என்றே பெயர் வைத்தார்கள். ஓர் உயிர் போன பிறகும் கேலி என்ற சொல் போகவில்லை. 2002இல்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். கேலி என்ற சொல்லை எடுத்துவிட்டு, பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றித் தீர்ப்புகளில் எழுதும்போது எந்தச் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. "ஈவ் டீசிங்" என்று எழுதாதீர்கள், "தெருவில் நடக்கும் பாலியல் தொல்லை" என்று எழுதுங்கள் என்பது அதில் ஒன்று.

ராஜஸ்தானிலிருந்து வந்த சொல்

"பாலியல் தொல்லை" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் சட்டப் பொருள் கிடைத்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு கிராமத்துப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் பட்டேரி என்று ஒரு கிராமம். அங்கே வாழ்ந்தவர் பன்வரி தேவி. குயவர் குடும்பத்துப் பெண். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் "சாத்தின்" ஆக வேலை பார்த்தார். சாத்தின் என்றால் தோழி. வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம், படிப்பு, குழந்தைத் திருமணத்தின் கேடு ஆகியவற்றைச் சொல்வது அவர் வேலை.

1992இல் ஊரில் செல்வாக்குள்ள ஒரு குடும்பம் கைக்குழந்தைக்குக் கல்யாணம் நடத்தத் துணிந்தது. பன்வரி தேவி அதைத் தடுக்க முயன்றார். ஊர் அவரை ஒதுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவரைச் சிலர் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர் வாய்மூடி இருக்கவில்லை. பெயர் சொல்லிப் புகார் கொடுத்தார். 1995இல் கீழ் நீதிமன்றம் அந்த ஆட்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

ஆனால் அவருடைய துணிச்சல் வீண் போகவில்லை. பெண்கள் அமைப்புகள் ஒன்று சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டன. "வேலைக்குப் போன பெண்ணுக்கு இந்தக் கொடுமை நடந்தது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்டன. அப்போது அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை.

1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு விசாகா தீர்ப்பு என்று பெயர். வழக்குப் போட்ட ஓர் அமைப்பின் பெயர் அது. பாலியல் தொல்லை என்றால் என்ன என்பதை அந்தத் தீர்ப்பு விளக்கியது. சட்டம் வரும்வரை இதுவே சட்டம்போல நடக்கும் என்றது. 16 ஆண்டு கழித்து, 2013இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது.

பாலியல் தொல்லை என்றால் என்ன?

சட்டம் ஐந்து வகை சொல்கிறது.

1. பெண் விரும்பாதபோது அவளைத் தொடுவது, உரசுவது, நெருங்கி வருவது.
2. தன் இச்சைக்கு இணங்கச் சொல்வது, கேட்பது.
3. ஆபாசமாகப் பேசுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, உடம்பைப் பற்றிப் பேசுவது.
4. ஆபாசப் படம் காட்டுவது. போனில் அனுப்பினாலும் அதுதான்.
5. இதுபோன்ற கெட்ட எண்ணத்தோடு கண்ணால், கையால், சொல்லால், செயலால் வேறு எதைச் செய்தாலும் அதுவும்.

இதில் முக்கியமான சொல் எது? "விரும்பாத" என்பதுதான். அவன் விளையாட்டாகச் செய்தானா என்பது கேள்வியே அல்ல. அவள் அதை விரும்பினாளா என்பதுதான் கேள்வி. விளையாட்டு என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒருவர் மட்டும் சிரித்தால் அது விளையாட்டு அல்ல.

எல்லாமே பாலியல் தொல்லை ஆகிவிடுமா? ஆகாது. வேலையில் பிழை செய்தால் மேலாளர் கண்டிக்கலாம். அது பாலியல் தொல்லை அல்ல. ஆனால் தன் ஆசைக்கு இணங்கவில்லை என்பதற்காக வேலையை நிறுத்தினாலோ, கூலியைப் பிடித்தாலோ அது குற்றம்.

வேலை செய்யும் இடத்தில் என்ன செய்யலாம்?

2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆபீசில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும் அல்ல. கூலி வேலை, வீட்டு வேலை, சிறிய பட்டறை வேலை எல்லாவற்றுக்கும் உண்டு. தினக்கூலி வாங்குபவருக்கும் உண்டு. முதலாளி அனுப்பும் வேனில் நடந்தாலும் அது வேலை இடத்தில் நடந்ததாகவே கணக்கு.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பெண். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால்? அல்லது முதலாளியே தொல்லை கொடுத்தால்? அதற்கு மாவட்டக் குழு உண்டு. கலெக்டர் ஆபீசில் விசாரிக்கலாம். வட்டாரங்களிலும் வார்டுகளிலும் புகாரை வாங்குவதற்கு ஒரு தொடர்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் புகாரை மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். எழுத முடியாத பெண்ணுக்கு எழுதிக்கொடுத்து உதவுவது குழுவின் கடமை. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பெண்ணின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது.

பஸ்ஸிலும் தெருவிலும் என்ன செய்யலாம்?

2012இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஓடும் பஸ்ஸில் தொல்லை நடந்து, பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்பது அதில் ஒன்று.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 75ஆம் பிரிவின் தலைப்பே பாலியல் தொல்லைதான். விரும்பாதபோது தொட்டு நெருங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஆபாசமாகப் பேசினால் ஓராண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்ந்தால் 78ஆம் பிரிவு. அதற்கு முதல் முறை மூன்று ஆண்டு வரையும், திரும்பச் செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறை.

இந்தப் புகார்களை ஒரு பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

அவசரம் என்றால் 112க்குப் போன் செய்யலாம். பெண்கள் உதவிக்கு 181. வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

புகாரில் எந்தச் சொல்லை எழுதுவது?

இப்போது நமக்கு எழுதத் தெரியும். முன்பெல்லாம் வேறு யாரிடமாவது போய்ச் சொல்லி எழுத வேண்டும். அவர் ஆணாக இருந்தால் சொல்லக் கூச்சம். "தப்பா நடந்துக்கிட்டார்னு எழுதிக்கங்க" என்று முடித்துக்கொள்வோம். இனி அப்படி வேண்டாம்.

இரண்டு வாக்கியங்களைப் படித்துப் பாருங்கள்.

"மேஸ்திரி என்னிடம் தவறாக நடந்துகொண்டார்."

"12ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கூலி வாங்கப் போனேன். மேஸ்திரி என் வலது கையைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் போன பிறகு தனியாக வரச் சொன்னார். வராவிட்டால் நாளை வேலை இல்லை என்றார். நான் கையை உதறிவிட்டு வந்தேன். என்னோடு வேலை செய்யும் அக்கா பார்த்தார். இது பாலியல் தொல்லை. நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

முதல் வாக்கியத்தைப் படிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "திட்டினாரா?" என்று கேட்பார். இரண்டாவதைப் படித்தால் எல்லாம் தெரியும். நாள், நேரம், இடம், செய்த செயல், சொன்ன சொல், பார்த்த ஆள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவன் பேசியது அசிங்கமான பேச்சாக இருந்தாலும் அதை அப்படியே எழுதலாம். அந்த அசிங்கம் அவனுடையது. எழுதியவருடையது அல்ல.

எழுதிய புகாரின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த நாளைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! பஸ்ஸில் ஒரு பெண் குரல் கொடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள். "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். சாட்சி சொல்ல முன்வாருங்கள். நண்பன் கேலி பண்ணும்போது கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். கூட்டத்தின் சிரிப்புத்தான் அவனுக்குத் துணிச்சல் தருகிறது.

பெற்றோர்களே! மகள் வந்து "தப்பா நடந்துக்கிட்டான்" என்று சொன்னால், அவள் படிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தண்டனை அவளுக்குத்தான். பக்கத்தில் உட்காருங்கள். "என்ன நடந்தது? பயப்படாமல் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, ஒரு தாளில் எழுதுங்கள்.

நோட்டை எடுங்கள். இந்தச் சொல்லை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

பாலியல் தொல்லை.

கேட்கக் கூச்சமான சொல்தான். ஆனால் கேலி என்ற பெயரில் ஒளிந்திருந்த குற்றத்தை வெளியே இழுத்து வந்தது இந்தச் சொல்தான்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் இந்தக் குற்றத்தை என்ன சொல் சொல்லி அழைக்கிறார்கள்? அந்தச் சொல் குற்றத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?
2. "அவள் ஏன் அந்த நேரத்தில் போனாள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
3. உங்கள் மாவட்டத்தில் புகார்க் குழு எங்கே இருக்கிறது? நாலு பேர் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள்.